இணைய இணைப்பில்லாத பள்ளிக் கணினிகளில் ஜியோஜீப்ராவை எப்படி நிறுவுவது?

கேள்வி (கணித ஆசிரியை, களக்காடு):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருப்பவை பழைய கணினிகள். பாதியில் விண்டோஸ், மீதியில் உபுண்டு லினக்ஸ். இணைய இணைப்பு கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டவணை போட்டு வரைபடத்தாளில் நன்றாகவே வரைகிறார்கள். ஆனால் கெழு மாறும்போது பரவளையம் நகர்வதையும், எக்ஸ் அச்சைத் தொடாமல் மேலே போய்விட்டால் மெய் மூலங்களே இல்லாமல் போவதையும் அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத்தான் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருள் வேண்டும். விண்டோஸில் நிர்வாகி கடவுச்சொல் யாரிடமும் இல்லை. உபுண்டுவின் கடவுச்சொல் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில் 1 (ஆய்வகப் பொறுப்பாளர், அம்பாசமுத்திரம்):
வணக்கம் அம்மா. விண்டோஸில் நிறுவவே வேண்டியதில்லை. ஜியோஜீப்ரா கிளாசிக் 5, 6 இரண்டுக்கும் நிறுவாமலே இயங்கும் 'போர்ட்டபிள்' பதிப்பு உண்டு. பாளையங்கோட்டைக்குப் போகும்போது அதைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். பழைய கணினிக்கு 5 போதும் என்பது என் கருத்து. ஜிப் கோப்பை முதலில் கணினியின் டி டிரைவில் முழுவதுமாகப் பிரித்துவிட்டு, பிறகு அந்தக் கோப்புறைக்குள் இருந்து திறக்க வேண்டும். ஜிப்புக்குள் இருந்தபடியே இருமுறை சொடுக்கினால், துணைக் கோப்புகள் கிடைக்காமல் பிழை காட்டும். மறுதொடக்கத்தில் எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றும் மென்பொருள் கணினியில் இருந்தால் சி டிரைவில் வைத்தது மறுநாள் இராது. டி டிரைவைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். வைரஸ் பார்க்காமல் பென் டிரைவை ஒவ்வொரு கணினியாகச் செருகிவிடாதீர்கள். இணையமில்லாத ஆய்வகங்களில் வைரஸ் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் பரவுகிறது.

பதில் 2 (கல்லூரி மாணவர், திருநெல்வேலி):
உபுண்டுவில் சிக்கல் சார்புப் பொதிகளில்தான் (ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான பிற மென்பொருள் தொகுப்புகள்) இருக்கிறது. வேறொரு கணினியில் இறக்கிய பொதிகளை அப்படியே கொண்டுவந்தால், அங்கே ஏற்கெனவே இருந்தவை இறங்கியிருக்காது. உங்கள் கணினியில் அவை குறைந்து நிறுவல் நின்றுவிடும். ஆகவே பட்டியலை ஆய்வகக் கணினியிலேயே உருவாக்குங்கள். பொதிகளை நிறுவ உதவும் சைனாப்டிக் என்ற மென்பொருள் இருந்தால், தேவையான பொதியைக் குறியிட்டு, கோப்புப் பட்டியில் பதிவிறக்க நிரலை உருவாக்கும் தெரிவைச் சொடுக்குங்கள். அந்தச் சிறு நிரலை இணையமுள்ள லினக்ஸ் கணினியில் ஓட்டினால் தேவையானவை அனைத்தும் இறங்கும். அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து அதே பட்டியில் சேர்த்துவிடலாம். பொதிப்பட்டியல் மிகப் பழையதாக இருந்தால் சில முகவரிகள் கிடைக்காமல் போகும் என்பதால், முதலில் ஒரே ஒரு கணினியில் செய்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பாடத்துக்கான வரைபடத்தை என் வீட்டிலேயே உருவாக்கி எடுத்துச்செல்ல முடியுமா?

பதில் 1:
முடியும் அம்மா. நழுவியுடன் (இழுத்துக் கெழுவின் மதிப்பை மாற்றும் பட்டை) வரைந்து கோப்பாகச் சேமித்தால் எல்லாக் கணினிகளிலும் அதையே திறக்கலாம். வீட்டிலும் கிளாசிக் 5-இலேயே உருவாக்குங்கள். புதிய பதிப்பில் செய்தவை சில சமயம் பழையதில் சரியாகத் திறப்பதில்லை.