புதுப்பிப்பு: அந்தப் பழைய காரை வாங்கவில்லை

2,30,000 கிலோமீட்டர் ஓடிய, விலை மிகக் குறைந்த ஒரு காரை வாங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். டைமிங் பெல்ட்டும் முன்பக்க ஷாக் அப்சார்பர்களும் மாற்ற வேண்டும் என்று விற்பவரே சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி; சூடாக இருந்தால் ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கல் தெரியாமல் போகலாம். முதல் தடவை போனபோது பானெட் தொட முடியாத சூடு. மறுநாள் காலையில் மெக்கானிக்கோடு போனேன். ஸ்டார்ட் ஆகத் திணறியது, சில நிமிடம் நடுங்கியது, அப்புறம் சரியானது. சூடான பிறகு மெக்கானிக் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்தார். மூன்று சிலிண்டர்களில் 12 பார், ஒன்றில் மட்டும் 7. அதில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் அளவு ஏறவில்லை. அப்படியென்றால் பிஸ்டன் ரிங் தேய்மானம் இல்லை, வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) என்றார். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியில் விடாமல் குமிழிகள் வந்ததைப் பார்த்ததும் கேஸ்கெட்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆயிலில் கூலன்ட் கலந்தால் ஆயில் மூடியில் வரும் வெள்ளைப் படிவு இல்லை. அது இல்லாததால் கேஸ்கெட் நல்லது என்று நம்பிவிடக் கூடாதாம்.

ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செலவு எங்கே நிற்கும் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. விற்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.