அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 போரில் மனதை விட்டுப் போகாத மோதல் எது?

பதிவு 1

சாம்ப்ளேன் ஏரி, பிளாட்ஸ்பர்க் விரிகுடா, 1814 செப்டம்பர் 11. ஆள் பலம், படை நகர்வு எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததே, நேராக வடத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தளபதி மக்டோனோ தன் கப்பல் சரடோகாவைச் சும்மா நங்கூரமிட்டு நிறுத்தவில்லை. அணியத்தில், அதாவது முன்முனையில், பெரிய நங்கூரம். அணியத்தின் இரு பக்கமும் தள்ளிச் சிறு நங்கூரங்களைப் போட்டு, அவற்றின் வடங்களைத் தண்ணீருக்கு அடியில் தொய்யவிட்டு, பின்முனையான அமரத்துக்குக் கொண்டுவந்தார். வடம் நீருக்கு மேலே விறைப்பாக நின்றால் ஒரே குண்டில் அறுந்துவிடும். அமரத்திலும் ஒரு நங்கூரம் விழத் தயாராகத் தொங்கியது.

சண்டை நீள நீள, எதிரியைப் பார்த்த வலப்பக்கத்தில் பீரங்கிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிக் கரோனேட் (குட்டைப் பீரங்கி) சுட்ட வேகத்தில் அதன் ஆணி முறிந்து, குழல் கீழ்த்தட்டுக்குள் போய் விழுந்தது. உடனே அமர நங்கூரத்தை இறக்கி, அணிய வடத்தை வெட்டி, தொய்ந்து கிடந்த வடத்தை இழுத்தார்கள். கப்பல் பாதி திரும்பி நின்றுவிட்டது! அமரம் பிரிட்டிஷ் லின்னெட் கப்பலுக்கு நேராக. அந்த நிலையில் வரும் குண்டு கப்பலின் நீளம் முழுக்கப் பாயும். அந்தச் சில நிமிடங்கள்தான் என்னை விடமாட்டேன் என்கின்றன. அடுத்த வடத்தை இழுத்த பிறகே முழுதாகத் திரும்பியது. இடப்பக்கப் பீரங்கிகள் அதுவரை ஒரு முறைகூடச் சுடாதவை.

எதிரில் நின்ற பிரிட்டிஷ் தலைமைக் கப்பல் கான்ஃபியன்ஸும் அப்படியே திரும்பப் பார்த்தது. முன்னேற்பாடு இல்லை, பாதியில் சிக்கியது, கொடியை இறக்கிச் சரணடைந்தது. கரையில் காத்திருந்த 10,000 பேருக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் படை கனடாவுக்கே திரும்பியது.

பதிவு 2

வடம் மட்டும் வென்றது என்று சொல்லிவிட முடியாது. கான்ஃபியன்ஸ் நீரில் இறங்கியது ஆகஸ்ட் 25. மோதலுக்கு 17 நாள்தான் இருந்தது. பீரங்கியின் பின்பகுதிக்கு அடியில் செருகும் ஆப்பு ஒவ்வொரு வெடிக்கும் நகர்ந்தது. ஆப்பு நகர்ந்தால் பின்பக்கம் தாழும், வாய் மேலே தூக்கும். பழகிய ஆட்கள் ஒவ்வொரு முறையும் சரிசெய்வார்கள். இவர்கள் செய்யவில்லை, குண்டுகள் சரடோகாவின் தலைக்கு மேலே போயின. பிரிட்டிஷ் தளபதி டவுனி தொடக்கத்திலேயே இறந்தார், வண்டியிலிருந்து பிய்ந்த பீரங்கி மோதி.

இன்னொன்று, இந்தப் போரைப் படிப்பவர்கள் எல்லோருக்கும். பீரங்கி எண்ணிக்கையை வைத்துக் கப்பல்களை ஒப்பிடாதீர்கள். அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷனுக்கு ஏட்டில் 44 பீரங்கி, ஏற்றியது 50க்கு மேல். முதலில் குண்டின் எடையைப் பாருங்கள்: கான்ஸ்டிட்யூஷனின் முக்கியப் பீரங்கிகள் 24 பவுண்டு, அது 1812 ஆகஸ்ட் 19இல் வீழ்த்திய பிரிட்டிஷ் கெரியேருக்கு 18. பிறகு நீளக்குழலா கரோனேடா என்று பாருங்கள். கரோனேட் குட்டை, எடை குறைவு, ஆள் குறைவாகப் போதும், கிட்டே போனால் பயங்கரம். தள்ளி நின்றால் பயனில்லை. அமெரிக்க எசெக்ஸின் 46 பீரங்கிகளில் 40 கரோனேட்கள். 1814 மார்ச் 28, சிலியின் வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியே பிரிட்டிஷ் ஃபீபி எட்டத்தில் நின்றபடியே நீளக்குழலால் அதை அடித்து நொறுக்கியது. எசெக்ஸ் கிட்டே போக முடியவில்லை. மேல்பாய்மரம் ஏற்கெனவே காற்றில் முறிந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தோல்வி புரியவே புரியாது.

பதிவு 3

எடை, எடை என்கிறீர்கள். பிரிட்டிஷ் ஷானன், அமெரிக்க செசபீக் இரண்டுக்கும் முக்கியப் பீரங்கி 18 பவுண்டுதானே? பாஸ்டனுக்கு வெளியே, 1813 ஜூன் 1, 15 நிமிடத்துக்குள் ஷானன் வென்றுவிட்டது. ஷானனின் தலைவர் புரோக் ஏறக்குறைய ஏழு ஆண்டு அதே கப்பலில் இருந்தவர். பீரங்கிகளுக்குக் குறிகாட்டி பொருத்தி, தட்டுப் பலகையில் பாகைக் கோடுகள் வெட்டிவைத்தார். புகையில் சுடுபவருக்கு எதிரி தெரியாவிட்டாலும் அதிகாரி சொல்லும் பாகைக்குத் திருப்பினால் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழும். லாரன்ஸ் செசபீக்கைப் பொறுப்பேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுக்கான் சக்கரம் நொறுங்கி, செசபீக் தானாகக் காற்றுக்கு எதிரே திரும்பி, அமரத்தைக் காட்டி நின்றது.

பதிவு 4

பால்டிமோரைக் காத்த அமெரிக்க மக்ஹென்றி கோட்டை, 1814 செப்டம்பர் 13, 14. பிரிட்டிஷ் கப்பல்கள் 25 மணி நேரம் குண்டு பொழிந்தும் இறந்தவர் 4 பேர்தான். குண்டுக்குள் செருகும் மரக்குழலில் மருந்தை அடைத்து, தூரத்துக்கு ஏற்ற நீளத்தில் வெட்டுவார்கள். குட்டையாக வெட்டினால் வானத்திலேயே வெடிக்கும், நீளமானால் மண்ணில் புதைந்த பிறகு. இரண்டு மைல் தள்ளி, ஆடும் கப்பலிலிருந்து இந்தக் கணக்கு சரியாக வருவது கடினம்.

அந்தக் கப்பல்களில் ஒன்றான எரிபஸ் ஏவிய காங்கிரீவ் ராக்கெட்டின் வேர் நம் பக்கம். 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை மேல் பாய்ந்த மைசூர் ராக்கெட்டுகளின் இரும்புக் குழல்தான் அதற்கு முன்மாதிரி. அதை உருவாக்கிய ஆங்கிலேயர் காங்கிரீவ் 15 அடிக் கம்பைக் குழலின் பக்கவாட்டில் கட்டினார். உந்தல் ஒரு கோட்டில் அமையாததால் திசை மாறியது. ஆகஸ்ட் 24 வாஷிங்டன் அருகே பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்கக் குடிப்படை (சாதாரணக் குடிமக்களின் படை) மிரண்டு ஓட அது போதுமாக இருந்தது, கோட்டைச் சுவரிடம் பலிக்கவில்லை.

ஒரு குண்டு மட்டும் நேராக வெடிமருந்துக் கிடங்கின் மேல் விழுந்தது. வெடிக்கவில்லை. அந்தக் கூரை குண்டு தாங்காது என்பது கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெடுக்குத் தெரியும். பீப்பாய்களை உடனே வெளியே எடுத்துச் சுவரோரமாகப் பிரித்து வைக்கச் சொன்னார், கொட்டும் குண்டுகளுக்கு நடுவே.