அவசரம்: மேடு ஏறவில்லை, புகையாகத் தள்ளுகிறது

பவானிக்கரை: வணக்கம். வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் ஒரே புகை, பிக்கப் சுத்தமாக இல்லை. டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு மைசூர் போகிறோம். சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலாம்கியர்: என்ன வண்டி? எந்த வருஷம்? எவ்வளவு ஓடியிருக்கிறது?

ஸ்பேனர்செல்வி: புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று உள்ளே போகவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லையென்றால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது.

டீசல்பித்தன்: யோசிக்கவே வேண்டாம், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இஞ்சினுக்குள் விடுகிற இ.ஜி.ஆர். வால்வுதான். எனக்கும் இதே கதை. கழற்றியபோது அரை டம்ளர் கரி இருந்தது. கழுவிப் போட்டேன், வண்டி பறக்கிறது.

சக்கரவாகம்: டி.பி.எஃப்., அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டர், அடைத்திருக்கும். ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

மூத்தவன்: தம்பி, ‘வண்டி’, ‘புகை’ என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஜோசியம்தான் சொல்ல முடியும். டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? கேள்வி கேட்கும்போது வண்டி விவரத்தை முழுசாகப் போடுங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இங்கே யாரும் படிப்பதில்லை.

பவானிக்கரை: மன்னிக்கவும், ஆபீசிலிருந்து அவசரமாகப் போட்டேன். 2014 மாடல், 1.3 டீசல், 1,42,000 கி.மீ. கரும்புகை. ஐட்லிங்கில் ஒன்றுமில்லை, 2,000 ஆர்.பி.எம். தாண்டினால்தான். போன ஞாயிறு பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது ஏழாவது வளைவோ எட்டாவதோ, ‘டப்’ என்று ஒரு சத்தம். அதிலிருந்துதான் இப்படி. எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது நியூட்ரலில் விட்டு வந்துவிட்டேன், தொந்தரவே இல்லை.

ஸ்பேனர்செல்வி: அந்த ‘டப்’பை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கரி அடைப்பு சத்தம் போட்டுக்கொண்டு வராது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிரவைக்கும் பாகம்), அங்கிருந்து இஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும், இல்லையென்றால் கிளாம்ப் கழன்றிருக்கும். சென்சார் அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்துவிடுகிறது, டீசல் மட்டும் அளந்தபடி போகிறது. அதுதான் கரும்புகை.

நாலாம்கியர்: 2014 வண்டியில் டி.பி.எஃப். எங்கே இருக்கிறது சக்கரவாகம்? அது பிறகு வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வண்டிகளின் சமாச்சாரம்.

மூத்தவன்: திம்பத்தில் நியூட்ரலா? 27 கொண்டை ஊசி வளைவு. பிரேக் சூடேறி மிதி உள்ளே போயிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

சக்கரவாகம்: எங்கள் அப்பா முப்பது வருஷம் அப்படித்தான் இறங்கினார். டீசல் மிச்சம் சார்.

நாலாம்கியர்: மிச்சமெல்லாம் இல்லை. கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும், இஞ்சினைச் சக்கரமே சுற்றும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் செலவாகும்.

சக்கரவாகம்: கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்ப் வண்டிக்கும் அப்படியா?

மூத்தவன்: பழைய வண்டியோ புது வண்டியோ, ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

ஸ்பேனர்செல்வி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பவானிக்கரை, இஞ்சின் ஆறிய பிறகு ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். ஆயிலும் மண்ணும் அப்பியிருந்தால் அந்த இடம்தான். மடக்கிப் பாருங்கள், சில கிழிசல் பிரஷர் ஏறினால்தான் வாய் திறக்கும். ஸ்கேனர் போட்டால் பி0299 என்ற கோளாறு எண் வரலாம். அது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு என்றுதான் சொல்லும், டர்போ போச்சு என்று சொல்லாது. டர்போவையும் பார்க்கச் சொல்லுங்கள்: இன்லெட் ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை ஆட்டும்போது பிளேடு ஹவுசிங்கில் உரசாவிட்டால், மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாலாம்கியர்: என்ன ஆச்சு? இரண்டு நாளாக ஆளையே காணோம்.

பவானிக்கரை: ஹோஸ்தான். கிளாம்ப் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். வேறு இடத்தில் காட்டி மாற்றினேன், புகை நின்றுவிட்டது. மைசூரில் இருக்கிறோம். நன்றிங்க அக்கா.

டீசல்பித்தன்: சந்தோஷம். எதற்கும் அந்த இ.ஜி.ஆரையும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.