தொலைநோக்கி ஏணி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, திங்கள் இரவு

சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

கூரையில் சோலர் தகடு பூட்டப் பழகும் பிள்ளைகளுக்காக, ஏணி பற்றி இரண்டு பக்க அறிவுறுத்தல் ஒன்றைத் தமிழில் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குழாய்க்குள் குழாய் இறங்கி ஒரு மீற்றருக்குள் ஒடுங்கிவிடும் அலுமினிய ஏணி. மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம் என்பதற்காகவே பொடியள் விரும்பி வாங்குகிறார்கள்.

ஆங்கில மூலத்தில் அது 'telescopic ladder'. யாரோ கணினியிடம் கொடுத்து எடுத்த வரைவில் அது 'தொலைநோக்கி ஏணி' ஆகியிருக்கிறது. "ஏறினால் கொழும்பு தெரியுமோ ரீச்சர்?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அதைச் சிரித்து விட்டுவிடலாம். அடுத்த வரியில் 'வேலை முடிந்ததும் ஏணியைச் சரிந்து விழச் செய்யவும்' என்று இருக்கிறது. ஒடுக்கிச் சிறிதாக்கச் சொல்கிறார்கள் என்பதை நானே மூலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

நல்ல பெயர் ஒன்று சொல்லுங்கள்.

முள்ளியவளை, செவ்வாய் காலை

மகள், நம் பாடப்புத்தகங்களில் அது தொலைகாட்டி. தொலைநோக்கி அக்கரைச் சொல். அது நிற்க. மாலுமி கையில் வைத்திருந்த பழைய தொலைகாட்டி குழலுக்குள் குழலாக இறங்கும். ஆங்கிலக்காரன் அந்த இறக்கத்தைப் பார்த்து ஏணிக்குப் பெயர் வைத்தான். நம்மவர்கள் கண்ணாடியைப் பார்த்து மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது ஆமையை. 'ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்' என்பது குறள். தலையும் காலும் ஓட்டுக்குள் போவது போலப் படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகின்றன. அடங்கு, ஏணி. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்பது நன்னூல், ஆகவே அடங்கேணி. வினைத்தொகை என்பதால் அடங்கிய, அடங்குகின்ற, அடங்கும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

ஏணி என்ற சொல்லையும் சும்மா விட முடியாது. ஏண் என்றால் உயர்வு. பிள்ளையைத் தூக்கிக் கட்டும் ஏணையும் அதே வீட்டுச் சொல் என்பது என் நெடுநாள் எண்ணம். புறநானூறு 35இல் 'நளியிரு முந்நீர் ஏணி யாக' என்று வரும். அங்கே ஏணி என்றால் எல்லை. கடல்தான் நிலத்துக்கு எல்லை. ஏறுகிற பொருளுக்கும் எல்லைக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி என்று தனி மடலில் எழுதுகிறேன்.

ரொறன்ரோ, செவ்வாய் இரவு

ஐயா, தனி மடலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் அடங்காப்பற்று என்று பெயர் வாங்கிய வன்னியிலிருந்து அடங்கேணியா? வேகமாக வாசித்தால் 'அடங்கேன்' என்றுதான் காதில் விழுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அறிவுறுத்தலுக்கு ஆகாது.

பெயர் வைக்கும்போது பக்கத்து ஏணிகளையும் பார்க்க வேண்டும். கீல் வைத்து மடக்குவது மடக்கேணி. இரண்டு நீளத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, கயிறு இழுக்க உயர்வது நீட்டேணி. இது இரண்டுமில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு குழாய்த் துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் அதை இறங்காமல் பிடிக்கும் பின் (pin). ஐரோப்பிய நியமத்திலும் இதற்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஈ.என். 131இன் 6ஆம் பகுதி. வாங்கும்போது அந்த இலக்கம் பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாரம் 150 கிலோ என்று போட்டிருந்தால் ஆளும் கருவிப்பையும் கையில் தூக்கும் தகடும் சேர்த்துத்தான். சாத்தி ஏறுகிற ஏணி 3 மீற்றருக்கு மேற்பட்டதாக இருந்தால் அடியில் குறுக்குச் சட்டம் அல்லது அகன்ற பாதம் இருக்க வேண்டும்.

துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பதால், என் வாக்கு செருகேணிக்கு.

சென்னை, புதன் காலை

'உள்ளிழுப்பு ஏணி' என்று சொல்லலாமே?

மாங்குளம், புதன் மதியம்

பெரியாக்கள் கோவிக்கக் கூடாது. நான் கட்டட வேலைக்காரன். எங்கள் பொடியள் ரெலஸ்கோப் ஏணி என்றுதான் சொல்கிறார்கள், நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பெயரில் வழக்கில்லை. தாளில் 'எல்லாப் படிகளும் பூட்டப்பட்டுள்ளதை உறுதி செய்க' என்று ரீச்சர் எழுதப்போகிறா. அதில்தான் வழக்கு.

எங்களிடம் பூட்டுவது என்றால் பொருத்துவது. தகடு பூட்டுகிறோம், ஃபேன் பூட்டுகிறோம். அந்த வரியைப் படித்தவன் ஏணி ஏற்கனவே பூட்டித்தானே கடையிலிருந்து வந்தது என்று ஏறிவிடுவான். இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு பக்கத்துப் பின் விழாததைக் கவனிக்காமல் ஏறினேன். மூன்றாம் படியில் கால் வைக்க அந்தத் துண்டு இறங்கி, இடது கை இரண்டு விரல்களைப் படிகளுக்கு நடுவில் பிடித்தது. நகம் மட்டும் போனது என் அதிர்ஷ்டம்.

ஆகவே 'கொளுவு' என்று எழுதுங்கள், கொக்கிபோல மாட்டிப் பிடிப்பது. கொளுவினால் 'டக்' என்று கேட்கும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும். சில ஏணிகளில் கொளுவாத பின் சிவப்புக் காட்டும். செம்மண் புழுதி குழாய்க்குள் போனால் பின் பாதியில் நிற்கும். அதற்கு எண்ணெய் விடுவார்கள், விடக் கூடாது. எண்ணெயில் புழுதி இன்னும் ஒட்டும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

ஐயா சொன்ன எல்லை எனக்குப் பிடித்தது. மேல் மூன்று படிக்குக் கால் போகக் கூடாது, அதுதான் ஏணிக்கு எல்லை.

கிளிநொச்சி, புதன் இரவு

கொளுவு. இதை ஏன் நான் யோசிக்கவில்லை! நன்றி அண்ணை. அப்போ 'சரிந்து விழச் செய்யவும்' என்பதை 'ஒடுக்கவும்' என்று மாற்றுகிறேன். விரல்களைப் படிகளுக்கு நடுவில் வைக்காமல் ஒடுக்கவும்.

பிள்ளைகளோடு ஒரு கணக்கும் செய்து பார்த்தோம். நாலு மீற்றர் உயரத்துக்கு ஒரு மீற்றர் அடி தள்ளி, ஏறத்தாழ 75 பாகையில் சாத்த வேண்டும். 3.8 மீற்றர் ஏணி அப்படிச் சாய்ந்தால் 3.67 மீற்றர்தான் எட்டும். கூரையில் இறங்குவதற்குக் கூரை விளிம்புக்கு மேல் ஒரு மீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கழித்தால் 2.7 மீற்றருக்கு மேல் உயர்ந்த கூரைக்கு அது உதவாது. கடையில் '3.8' என்று பார்த்து வாங்கியவர்கள் வகுப்பில் நாலு பேர், நாலு பேர் முகமும் விழுந்துவிட்டது. அலுமினியம் என்பதால் கரண்ட் வயருக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்பதை முதல் வரியாகவே போட்டுவிட்டேன்.

பெயர்தான் இன்னும் இல்லை. செருகேணி என்று போடட்டா?

வவுனியா, வியாழன் காலை

தங்கச்சி, ஒரு தடை. செருகேணியைப் பிரித்துப் பாருங்கள்: செரு, கேணி. போர்க் கிணறு! கொக்கிளாய்ப் பக்கம் கருநாட்டுக்கேணி என்று ஊரே இருக்கிறது. கேணி பழகிய காது அப்படித்தான் பிரிக்கும். 'செருகேணி எல்லாம் இறங்கு' என்று பஸ் நடத்துநர் கூப்பிடுவது போலக் கேட்கிறது எனக்கு. ஐயாவின் அடங்கேணிக்கும் அதே கதிதான். குகரத்தில் முடியும் எந்த வினையை முன்னால் போட்டாலும் ஏணி கேணியாகிவிடும். புணர்க்காமல் 'செருகு ஏணி' என்று இரண்டு சொல்லாக எழுதிவிடுங்கள்.

முள்ளியவளை, வியாழன் மதியம்

வினைத்தொகையைப் பிரித்து எழுதுவதா? ஊறுகாயை 'ஊறு காய்' என்று போத்தலில் ஒட்டுவீர்களா? கேணி என்று கேட்டால் கேட்கட்டும். கேணிக்கும் படி உண்டு, இறங்குகிற படி. இந்த ஏணியும் இறங்குவதுதானே. யோசிக்க யோசிக்க அடங்கேணியே சரி என்று படுகிறது.

ரொறன்ரோ, வியாழன் இரவு

செருகு ஏணி. இடைவெளியோடு. எனக்குச் சம்மதம்.

மாங்குளம், வியாழன் இரவு

எனக்கும். கொளுவு இருந்தால் சரி.

கிளிநொச்சி, வெள்ளி காலை

'செருகு ஏணி' என்று அனுப்பிவிட்டேன், ஐயா மன்னிக்க வேண்டும். முதற்பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ரெலஸ்கோப் ஏணி' என்றும் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் கடையில் கேட்டு வாங்க முடியாது.

முள்ளியவளை, வெள்ளி மாலை

மன்னித்தேன். அடுத்த பதிப்பு எப்போது?