தேர்தலுக்கு முன் நம்ம ஊர்ப் பாகப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

யார் எந்தக் கூட்டணி, யாருக்கு சீட்டு என்ற பேச்சு தேர்தல் முடியும்வரை ஓயாது. ஊர் மேல் அக்கறை உள்ளவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் வெளிநாட்டில் இருந்தபடியே நம்மால் ஊருக்குச் செய்யக்கூடிய உருப்படியான தேர்தல் வேலை ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் நம் சனங்களின் பெயர் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பது நின்றுவிடும். விண்ணப்பம் வந்தபின் ஆட்சேபம் சொல்ல 7 நாள் விட வேண்டும் என்பது விதி. ஆகவே மனு தாக்கல் முடிவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் எந்த அதிகாரியைப் பிடித்தாலும் அந்தத் தேர்தலுக்கு வழியில்லை.

முன்பெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவை இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், அதாவது வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்த்ததில், நிலைமை மாறிவிட்டது. 6.41 கோடியாக இருந்த பட்டியல், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவில் 5.43 கோடியாகக் குறைந்தது. நீக்கப்பட்ட 97 லட்சம் பேரில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவர்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள், மகள் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர்கள் போன்றோர் இந்தக் கணக்கில் எளிதாக விழுவார்கள். வாக்காளர் அட்டை கையில் இருப்பதால் பெயரும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அட்டை அடையாளத்துக்குத்தான், பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

ஒரு பெயரை மட்டும் தேட எலக்டோரல்சர்ச் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன் போதும். அட்டை எண், சொந்த விவரம், மொபைல் எண் என மூன்று வழிகளில் தேடலாம். அட்டை எண் வழிதான் நம்பகமானது. ஆனால் மாநில எழுத்துகளில் தொடங்கி நடுவே சாய்கோடுகள் வரும் பழைய நீள எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. இப்போதைய எண் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. விவர வழியில் தேடும்போது எழுத்துக்கூட்டல் காலை வாரும். இனிஷியல் சில பதிவுகளில் பெயருக்கு முன்னும், சிலவற்றில் பின்னும், சிலவற்றில் இல்லாமலும் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் இனிஷியலை எடுத்துவிட்டு, அப்பா அல்லது கணவர் பெயரோடு இன்னொரு முறை தேடுங்கள். அதிலும் வரவில்லை என்றாலும் பெயர் நீங்கிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பாகப் பட்டியலை, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியலை, பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

வோட்டர்ஸ் டாட் இசிஐ டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பட்டியல் இறக்கும் பகுதிக்குப் போய் மாநிலம், மாவட்டம், சட்டமன்றத் தொகுதி, மொழி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் பாகங்களின் வரிசை வரும். நம்மைப் போன்ற ஊர் ஒன்றிரண்டு பாகத்துக்குள் அடங்கிவிடும். பக்கத்துக் குக்கிராமத்தையும் அதே பாகத்தில் சேர்த்திருக்கலாம். முதல் பக்கத்தில் வாக்குச்சாவடியின் பெயரும், அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்கள் பிரிவு எண்ணோடும் இருக்கும். உள்ளே பக்கத்துக்கு 30 பேர். தளம் உங்கள் நாட்டிலிருந்து திறக்கவில்லை என்றால் ஊரில் இருக்கும் ஒருவரை இறக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த பிடிஎஃப் படமாகச் சேமிக்கப்பட்டது. அதனால் கோப்புக்குள் பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் கிடைக்காது. "தேடினேன், எங்கள் வீட்டில் யாருமே இல்லை" என்று பலர் பதறுவது இதனால்தான். கண்ணால்தான் வாசிக்க வேண்டும். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் தமிழ் எழுத்தைப் பிரித்துத் தரும். ஆனால் ண, ன, ள, ழ எல்லாம் குழம்பும், கட்டங்களின் வரிசையும் கலையும். அதை நம்பி பெயர் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, கோப்பின் கடைசியில் துணைப் பட்டியல் இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். நீக்கப்பட்டவரின் கட்டத்தில் நீக்கக் குறியும், காரணத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ஈ என்றால் இறந்தவர், எஸ் என்றால் இடம் மாறியவர், ஆர் என்றால் இரட்டைப் பதிவு, எம் என்றால் ஆளைக் காணவில்லை, கியூ என்றால் தகுதி இழந்தவர். உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் பெயருக்கு ஈ போட்டிருந்தால் அன்றைக்கே ஊருக்குப் போன் போடுங்கள்.

தெருவுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால் ஓர் இரவில் முடிகிற வேலை இது. வீட்டு எண் வரிசையில் பார்த்து, விட்டுப்போனவர், இறந்தும் இருப்பவர், விவரம் தவறானவர் என்று மட்டும் குறித்தால் போதும். அட்டை எண்ணையும் போன் நம்பரையும் ஒரே தாளில் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியல் வெளியே போனால் மோசடிக்காரர்களுக்கு நாமே வேலையை எளிதாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

இனி திருத்தம். புதிதாகச் சேர்வதற்கும், நீக்கப்பட்டவர் மீண்டும் சேர்வதற்கும் படிவம் 6. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு அதோடு உறுதிமொழிப் படிவத்தையும் கேட்கிறார்கள். பெயர், வயது, உறவு, படம் ஆகியவற்றில் தவறு இருந்தாலும், வீடு மாறியிருந்தாலும் படிவம் 8. இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் மறுபடியும் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். இரண்டு இடத்தில் பெயர் வந்து, இரட்டைப் பதிவு என்று நீக்கும்போது சில நேரம் வேண்டிய பதிவே போய்விடுகிறது. படிவம் 8 போட்டால் அட்டை எண் மாறாமல் பெயர் புதுத் தொகுதிக்குப் போகும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவது சட்டப்படி தவறு. விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. அதை அந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கொடுக்க முடியும், அங்கே பெயர் இல்லாத நம்மால் கொடுக்க முடியாது.

குடும்பத்தில் ஒருவர் மற்றவர்களுக்காக விண்ணப்பம் கொடுக்கலாம். ஒரே ஆள் ஊருக்கே கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் போட்டதும் வரும் குறிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். நிலை அதில்தான் தெரியும். பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டுக்கு வரும்போது ஆள் இல்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே தடைபடும். பக்கத்து வீட்டாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

85 வயது கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். பத்திரிகையில் தேதி அறிவித்த நாள் வேறு, அறிவிக்கை நாள் வேறு; கணக்கு அறிவிக்கையிலிருந்துதான். இதைக் கேட்டு வாங்கிவிட்டால் பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது என்பதையும் பெரியவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பட்டியல் பேச்சு எழும்போதெல்லாம் அதன் பின்னாலேயே மோசடியும் வருகிறது. "உங்கள் ஓட்டு நீக்கப்பட உள்ளது, இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று ஏபிகே கோப்பு வரும். ஏற்றினால் அது குறுஞ்செய்திகளைப் படித்து வங்கி ஓடிபியைத் திருடும். வீடியோ காலில் அம்மா அப்பாவின் போனை எடுக்கச் சொல்லி இதைச் செய்து முடியுங்கள்: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ் என்று போய் வாட்ஸாப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதியை நிறுத்துங்கள். போன் கம்பெனியைப் பொறுத்துப் பெயர் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ் தேடலில் அன்நோன் என்று அடித்தால் வந்துவிடும். அப்படியே வாட்ஸாப்பில் அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு 6 இலக்க எண் போட்டுவிடுங்கள். லிங்க்டு டிவைசஸில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

பிஎல்ஓ யாரும் ஓடிபி கேட்பதில்லை. ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கு நீங்கள் இங்கிருந்து ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் அவர்கள் போனுக்கு ஓடிபி வரும், அவர்கள் அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதனால் "யாரிடமும் சொல்லாதே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் குழம்பிவிடுவார்கள். முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, நீங்களே கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வரும் ஒரு ஃபார்வர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் "சேலஞ்ச் ஓட்டு" கேளுங்கள், ஒரு சாவடியில் 14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தல் நடக்கும் என்று அது சொல்லும். இரண்டுமே பொய். 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி. சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று கட்சி முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. டெண்டர் ஓட்டு 49பி விதியில், அதாவது ஆங்கிலத்தில் 'ஓ'வுக்கு அடுத்து வரும் 'பீ' (P) எழுத்து கொண்டதில், வருகிறது. பட்டியலில் பெயர் இருந்து, அதை ஏற்கெனவே வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், உண்மையான ஆளுக்குக் காகிதச் சீட்டு தருவார்கள். அது தனி உறையில் போகும், சாதாரண எண்ணிக்கையில் சேராது. எத்தனை சதவீதம் விழுந்தாலும் அதனால் தானாக மறுதேர்தல் வராது. இந்த ஃபார்வர்டை நம்பித்தான் பலர் பட்டியலைப் பார்க்காமலே இருந்துவிடுகிறார்கள், அதனால்தான் இது மற்றப் புரளிகளை விடக் கெடுதலானது.

வெளிநாட்டு இந்தியர் ஆன்லைனில் ஓட்டுப் போடலாம் என்பதும் அதே ரகம். பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதா 2018 இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 2019 இல் மக்களவை கலைந்ததும் காலாவதியாகிவிட்டது. இன்றைய நிலையில் ஊருக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும்.

அப்படிப் போக நினைப்பவர்களுக்குப் படிவம் 6ஏ. 2011 முதல் இந்த வசதி உண்டு. இந்தியக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்குத்தான். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு இல்லை. பாஸ்போர்ட்டில் எந்த இந்திய முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் பெயர் சேரும். பாஸ்போர்ட்டில் சென்னை முகவரி இருந்தால் ஊரில் கேட்க முடியாது. தளத்தில் பதியும்போது வெளிநாடு வாழ் வாக்காளர் என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். படத்தோடு பாஸ்போர்ட்டின் படப் பக்கம், முகவரிப் பக்கம், விசாப் பக்கம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கோப்பு பெரிதாக இருந்தால் தளம் ஏற்காது, ஒவ்வொன்றையும் 2 எம்பிக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைக்க வேண்டும், புது அட்டை தர மாட்டார்கள். பெயர் பாகத்தின் கடைசிப் பிரிவில் தனியாக வரும், தெரு வரிசையில் தேடாதீர்கள். வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். நகலோ ஆதாரோ செல்லாது. நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டால் படிவம் 6 போட்டுச் சாதாரண வாக்காளராக மாறிக்கொள்ளலாம்.

கடைசியாக நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தப் பணத்தை, தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்சிக்குக் கொடுக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரும், வெளிநாட்டில் பதிவு செய்த அமைப்பும் 2010 ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கட்சிக்கோ வேட்பாளருக்கோ எதுவும் கொடுக்க முடியாது. சங்கக் கணக்கிலிருந்து பிளக்ஸ் போர்டு, வேன், பிரசாரச் சாப்பாடு என்று எந்தப் பெயரிலும் யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், கொடுக்க வேண்டாம். வேட்பாளர் ஒப்புதல் இல்லாமல் அவருக்காகச் செலவு செய்தால் ஊரில் அதை ஏற்பாடு செய்தவர் மேல்தான் வழக்கு வரும்.