வாட்டர்ஜெட்டில் அலங்கார வேலை: வெட்டிப் பார்த்தவர்கள் அனுபவம்

6 மி.மீ. பித்தளைத் தகட்டில் கொடிப்பின்னல் போட்ட கதவுப் பலகை ஒன்று செய்யவேண்டியிருந்தது. பித்தளை ஒளியைத் திருப்பி அடிக்கும் என்று லேசர்காரர் தயங்கினார். தண்ணீர்த் தாரையால் வெட்டும் வாட்டர்ஜெட்டுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. சுமார் 4000 பார் அழுத்தத்தில் வரும் தண்ணீர் கார்னெட் என்ற கடினக் கல்லின் மணலையும் இழுத்துக்கொண்டு பாய்கிறது. உலோகத்தை அறுப்பது அந்த மணல்தான். சூடு ஏறாததால் தகடு நெளியவில்லை, விளிம்பும் கறுக்கவில்லை.

ஆனால் வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேல்பாதி உப்புத்தாள் போட்டதுபோல் சீராக இருக்கும். கீழே போகப் போக வரிவரியாகக் கோடு விழுந்து, வெட்டு வந்த பக்கமாகவே வளைந்திருக்கும். தண்ணீர் பாயும் முனை நகரும் வேகத்துக்குத் தாரையின் அடிப்பகுதி ஈடுகொடுக்காமல் பின்தங்குவதால் வருவது இது. வேகத்தைக் குறைத்தால் கோடு மங்கும், கூலி ஏறும். கண்ணில் படுகிற விளிம்புகளை மட்டும் மெதுவாக வெட்டச் சொன்னேன். சட்டத்துக்குள் மறைகிற விளிம்பு எப்படி இருந்தால் என்ன?

—

நான் கிரானைட்டில் பித்தளை பதிக்கிறவன். எனக்குத் தலைவலி கோடு இல்லை, சாய்வு. வழக்கமான வேகத்தில் வெட்டுத்தடம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். அதனால் கல்லில் விழும் துளை மேலே பெரிது, பித்தளைத் துண்டோ மேலே சிறிது. அப்படியே வைத்தால் சுற்றிலும் இடைவெளி பல்லிளிக்கும். பித்தளையை மட்டும் கண்ணாடிப் பிம்பமாக வெட்டிக் கவிழ்த்துப் போடுங்கள். புட்டியில் தக்கை மாதிரி இறுகி உட்காரும். துண்டைத் துளி பெரிதாக வைத்து வெட்டினால் பசை வரி கண்ணுக்கே தெரியாது. வெட்டும் தலையைச் சாய்த்துச் சாய்வை ஈடுகட்டும் எந்திரம் இருந்தால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

—

எந்திரம் ஓட்டுகிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொண்டுவருகிறவர்கள் இரண்டு பக்கமும் பாதுகாப்புப் படலத்தோடு கொண்டுவாருங்கள். மேலே வெட்டோரமாகச் சிதறும் மணல் பளபளப்பை மங்கடிக்கும். அடியில் தாங்கும் கம்பிப்பட்டையில் தாரை பட்டுத் தெறித்து வடு போடும். முதல் துளையைக் கழிவுப் பக்கத்தில்தான் போடுவேன். துளை போடும் இடத்தில் தாரை கொஞ்சம் அகலமாகவே தின்றுவிடும், அது வடிவத்தின் விளிம்பில் தெரியக்கூடாது.

வரைபடத்தில் உள்மூலையை ஊசிபோல் வரைந்து அனுப்புகிறார்கள். தாரையே ஏறக்குறைய 1 மி.மீ. அகலம்; உள்மூலை வளைந்துதான் வரும், கூர்மை வேண்டுமென்றால் அரம் எடுக்கவேண்டியதுதான். பொடித் துண்டுகளைத் தகட்டோடு வெட்டாத சின்ன ஒட்டு விட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் விழும், அல்லது நிமிர்ந்து நின்று முனையில் இடிக்கும்.

சாதா இரும்பு என்றால் வெட்டியதும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு ஓர் இரவு கிடந்தாலே துரு பூத்துவிடும்.