டிரம் செட்: தனித்தனியாக நன்றாக ஒலிக்கிறது, சேர்ந்தால் சண்டை போடுகிறது

நாகர்கோவிலில் எங்கள் தேவாலயத்தின் டிரம் செட்டுக்கு மூன்று வாரங்களுக்கு முன் புதுத் தோல் மாற்றினேன். அன்றிலிருந்து சுருதி சேர்க்க முடியாமல் தவிக்கிறேன்.

22 அங்குல பேஸ் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 10, 12 அங்குல டாம் (கம்பியில்லாத நடுத்தர டிரம்கள்), 16 அங்குல ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம்), 14 அங்குல ஸ்னேர் (கீழ்த்தோலில் கம்பிகள் உள்ள டிரம்). டாம்களில் மேலே ஒற்றை அடுக்கு, பூச்சுள்ள தோல். கீழே மெல்லிய தெளிந்த தோல். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை; கூடம் முழுக்க எதிரொலி.

12 அங்குல டாமைத் தட்டினால் ஸ்னேரின் கம்பிகள் தாமாகவே கரகரக்கின்றன. ஃப்ளோர் டாமை இறக்கினால் தோல் தளர்ந்து படபடக்கிறது. ஏற்றினால் 12-இன் தம்பி போல ஒலிக்கிறது. நடுவில் 14 அங்குல டாம் இல்லாததுதான் வினை என்று சந்தேகம்.

திருகுகளை எதிரெதிராகத்தான் முறுக்கினேன். ஒவ்வொரு திருகின் அருகிலும் தட்டிச் சமன் பார்த்தேன். கீழ்த்தோலை மேல்தோலைவிடச் சற்று ஏற்றினேன். கைப்பேசிச் செயலியில் 10-ஐ 147 ஹெர்ட்ஸிலும் 12-ஐ 110-லும் நிறுத்தினேன். ச-ம இடைவெளி, காதுக்கு இதம். 16-ஐ ச-ப கணக்கில் 73-க்கு இறக்கியபோதுதான் அந்தப் படபடப்பு. ஸ்னேர் கம்பியைத் தளர்த்தியதில் கரகரப்பு கூடியதுதான் மிச்சம். தோல்மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள்; ஒட்டினேன், அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ஆனது, பிய்த்துவிட்டேன்.

வரும் ஞாயிறு பாடகர் குழுவோடு வாசிக்க வேண்டும். இந்த 10, 12, 16 அளவுகளுக்கு, ஸ்னேரையும் கிளப்பாமல் ஒத்துப்போகும் சுர இடைவெளி எது?